பழைய வாயில் அடைபட்ட வரலாறு

2017 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் அதனை அடுத்த ஆண்டிலும், உலகின் பல நாடுகளில் கணினி வைத்திருந்த இல்லங்களில் ஒரே வகையான குழப்பம் தலைகாட்டியது. இரண்டு மூன்று கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றிலுள்ள ஒளிப்படங்களையும் கணக்கேடுகளையும் மற்றொன்றிலிருந்து பார்க்கும் வசதியை அக்குடும்பத்தார் பல்லாண்டுகளாகப் பெற்றிருந்தனர். ஒரு வீட்டுக்குள் அமைந்த இத்தகைய இணைப்பையே வீட்டு வலையமைப்பு என்பர். கணினியின் வேலைகள் அனைத்தையும் ஆளும் அடிப்படை மென்பொருள் பணிசெயல் முறைமை எனப்படும். மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்குரிய புதிய பதிப்பொன்றை 2017 ஒக்டோபர் 17 ஆம் திகதி வெளியிட்டது. அப்பதிப்பு வீடுகளை எட்டிய பின்னர், வலையமைப்பிலுள்ள கணினிகளின் பெயர்ப்பட்டியல் பல இடங்களில் வெறுமையாயிற்று. நேற்றுவரை கண்ணிற் பட்ட அயற்கணினி இன்று தென்படவில்லை. இணையமோ வழக்கம்போல இயங்கியது.

புதுப்பித்த அன்றே இது நிகழ்ந்திருப்பின் காரணம் எளிதிற் புலப்பட்டிருக்கும். பல வீடுகளில் இரண்டு வாரங்கள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது. ஆகவே சிலர் கம்பியை ஐயுற்றனர். சிலர் இணைய இணைப்பைப் பகிர்ந்தளிக்கும் பெட்டியை ஐயுற்றனர். புதிய கருவிகளை வாங்கியோரும் உளர். கருவியில் யாதொரு பழுதும் இருக்கவில்லை. பழைய வாயிலொன்று வேண்டுமென்றே அடைக்கப்பட்டிருந்தது. அவ்வாயில் ஏன் திறந்திருந்தது, ஏன் அடைக்கப்பட்டது என்பதை அறிய முப்பத்து நான்கு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

இரு கணினிகள் உரையாடுவதற்கு இரண்டும் ஒப்புக்கொண்ட ஓர் ஒழுங்கு இன்றியமையாதது. அதனை நடப்பொழுங்கு என்பர். 1983 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பரி பைகன்போம் என்பவர், ஒரு கணினியிலுள்ள கோப்பை மற்றொரு கணினி திறப்பதற்கான நடப்பொழுங்கொன்றை வகுத்தார். எஸ்.எம்.பி. என்று பின்னர் பெயர்பெற்றது அதுவே. மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை மேற்கொண்டு விரிவாக்கித் தனது முறைமைகளிற் சேர்த்தது. 1990 களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் அன்ட்று றிட்ஜெல் என்னும் ஆய்வு மாணவர் இதே ஒழுங்கை ஆராய்ந்து, வேறு வகைக் கணினிகளும் இதன்வழி உரையாடுதற்குரிய மென்பொருளை எழுதினார். சம்பா என்னும் அம்மென்பொருள், பிற்காலத்தில் வீடுகளில் வைக்கப்பட்ட கோப்புச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே இடம்பெற்றது.

இவ்வொழுங்கு தோன்றிய காலத்துக் கணினி வலையமைப்பு ஓர் அலுவலகத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கியது. அங்கிருந்தோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பகைவன் உள்ளே புகுவான் என்னும் எண்ணத்துக்கு இடமில்லை. ஆகவே, செல்லும் செய்தியை மறைகுறியாக மாற்றும் ஏற்பாடு முதற்பதிப்பிற் சேர்க்கப்படவில்லை. நம்பிக்கையே அதன் பூட்டாக இருந்தது. பெயர்ப்பட்டியல் தயாராகும் முறையும் அத்தகையதே. வலையமைப்பிலுள்ள கணினிகள் தமக்குள் ஒரு தேர்தல் நடத்தித் தலைமைக் கணினியொன்றைத் தெரிவு செய்யும். அத்தலைமைக் கணினி ஏனையவற்றின் பெயர்களைத் திரட்டி வைத்து, கேட்ட கணினிக்குக் கொடுக்கும். இவ்வேற்பாடு முழுவதும் எஸ்.எம்.பி. முதற்பதிப்பையே ஊன்றுகோலாகக் கொண்டிருந்தது.

2006 ஆம் ஆண்டில் நிறைவுபெற்ற விண்டோஸ் விஸ்ராவுடன் இரண்டாம் பதிப்பும், 2012 ஆம் ஆண்டின் விண்டோஸ் 8 உடன் மூன்றாம் பதிப்பும் வந்தன. மூன்றாம் பதிப்பில் மறைகுறியாக்கமும் இடம்பெற்றது. ஆயினும், பழைய கருவிகளை வைத்திருந்தோர் இடர்ப்படலாகாது என்பதற்காக முதற்பதிப்பும் உடன் வைக்கப்பட்டது. வீட்டுக்கு உறுதியான புதுக்கதவு இட்ட பின்னரும் பின்புறத்துப் பழைய படலை திறந்தே கிடந்தது. 2016 செப்டெம்பரில், அந்நிறுவனத்தில் இத்துறைக்குப் பொறுப்பாயிருந்த நெட் பைல் என்பவர், முதற்பதிப்பைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு வெளிப்படையாக எழுதினார். செவிமடுத்தோர் சிலரே.

அடுத்த ஆண்டு அதன் விளைவு வெளிப்பட்டது. முதற்பதிப்பைக் கையாளும் மென்பொருளில் இருந்த ஒரு குறையைத் திருத்தும் இற்றைப்படுத்தல் 2017 மார்ச் 14 ஆம் திகதி வெளியாயிற்று. ஏப்ரல் 14 ஆம் திகதி, அக்குறையின் வழியே உட்புகுவதற்கான கருவியொன்றை இனந்தெரியாத குழுவொன்று உலகறிய வெளியிட்டது. அக்கருவி அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தில் உருவானது எனப் பரவலாகக் கருதப்படுகின்றது. மே 12 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, வன்னாகிரை என்னும் தீய நிரல் அதே வழியாகப் பரவியது. எவரும் எதனையும் திறக்காமலே அது கணினிக்குக் கணினி தாவியது. கோப்புகளைப் பூட்டி, விடுவிப்பதற்கு 300 டொலர் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின.

இங்கிலாந்தின் வைத்தியசாலைகள் பட்ட பாடு இதன் கொடுமையை உணர்த்தும். அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, தேசிய சுகாதார சேவையின் 236 நிருவாக அமைப்புகளுள் ஆகக் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. நோயாளர்க்குக் குறிக்கப்பட்ட 6,912 சந்திப்புகள் கைவிடப்பட்டமை உறுதியாயிற்று. மொத்த எண்ணிக்கை 19,000 ஐத் தாண்டியிருக்கும் என மதிப்பிடப்பட்டது. மார்ச் மாதத்து இற்றைப்படுத்தலை ஏற்றிருந்தால் அக்கணினிகள் காக்கப்பட்டிருக்கும்.

இப்பின்னணியில் வந்ததே ஒக்டோபர் மாதத்துப் பதிப்பு. ஒரு குறையை அடைத்தால் மட்டும் போதாது, காப்பற்ற அவ்வொழுங்கே விலகுதல் வேண்டும் என்னும் முடிவு அதிற் செயற்பட்டது. வீடுகளில் ஏற்கெனவே இருந்த கணினிகளில் முதற்பதிப்பு உடனே அகற்றப்படவில்லை. கணினி இயங்கிய காலத்துள் மொத்தம் 15 நாட்கள் அது பயன்படாதிருந்தால் தானாகவே நீங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. புதிய கணினிகள் தமக்குள் புதிய பதிப்பிலேயே உரையாடின; ஆகவே பழையது பயனற்றதாகக் கணிக்கப்பட்டு நீங்கியது. அதனை ஊன்றி நின்ற பெயர்ப்பட்டியலும் உடன் சாய்ந்தது. இரண்டு வாரம் கழித்துப் பிழை தோன்றிய மருமம் இதுவே. 2018 ஏப்ரல் இறுதியில் வந்த பதிப்பு, 2009 ஆம் ஆண்டில் விண்டோஸ் 7 உடன் அறிமுகமான ஹோம்குரூப் என்னும் எளிய இணைப்பு வசதியையும் நீக்கியபோது குழப்பம் இரட்டித்தது.

சீர்செய்ய முற்பட்டோர் இரு திறத்தினர். ஒரு திறத்தினர் முதற்பதிப்பை மீண்டும் நிறுவினர். பட்டியல் உடனே திரும்பியது. பழைய வாயிலும் உடன் திறந்தது. மற்றொரு திறத்தினர் படிமுறையாக ஆராய்ந்தனர். முதலிற் பட்டியலை நோக்காது, இரண்டு பின்சாய் கோடுகளை இட்டு அயற்கணினியின் பெயரையோ எண்முகவரியையோ நேரே எழுதினர். கணினி திறந்தால், இணைப்பு உயிரோடிருக்கின்றது, பட்டியல் மட்டுமே மறைந்தது என்பது தெளிவு. திறவாவிடின், புதுப்பித்தலின் பின் அவ்வலையமைப்பு பொது வலையமைப்பாகக் கொள்ளப்பட்டுள்ளதா என நோக்கி, அதனைத் தனியார் வலையமைப்பு என மாற்றினர். பின்னர், கோப்புகளைப் பகிரும் கணினியில், தன் இருப்பைப் பிறவற்றுக்கு அறிவிக்கும் பங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்னும் சேவை தானாகத் தொடங்குமாறு செய்தனர். புதிய முறையிலான பெயர்ப்பட்டியல் அதனாலேயே உருவாகின்றது. ஈற்றில், சேமிப்புப் பெட்டியின் உள்மென்பொருளைப் புதுப்பித்து, கடவுச்சொல்லும் அமைத்தனர்.

வீட்டார் கொண்ட மனக்குறையும் நியாயமற்றதன்று. பழைய வருடிகளுக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கும் பலவேளைகளில் புதிய உள்மென்பொருள் கிடைக்கவில்லை. பழுதில்லாத கருவி ஒரே நாளிற் பயனற்றதாயிற்று. நீக்கப்படும் செய்தியும் அதன் காரணமும் எளிய மொழியில் அவர்கள் வாயிலுக்கு வந்து சேரவில்லை. காரணம் சொல்லாது அடைக்கப்பட்ட கதவை மக்கள் மீண்டும் திறக்க முயல்வது இயல்பே.

அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. 2024 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 என்னும் பதிப்பு, அதன் புரோ வகையிலும் நிறுவனங்களுக்குரிய வகைகளிலும், ஒவ்வொரு செய்தியும் கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும் என விதித்தது. கடவுச்சொல் இன்றி விருந்தினராகப் புகும் வழியையும் அடைத்தது. மீண்டும் சேமிப்புப் பெட்டிகள் எட்டாதொழிந்தன. மீண்டும் பலர் அடைத்ததைத் திறக்கும் வழியையே தேடினர்.

புதுப்பித்த பின்னர் அயற்கணினி தென்படாத வீட்டில் கேட்கவேண்டிய முதல் வினா, எது பழுதாயிற்று என்பதன்று. எது அடைக்கப்பட்டது, எதற்காக அடைக்கப்பட்டது என்பதே. விடை தெரிந்தால் மாற்றுவழியும் தெரியவரும். ஒரு வீட்டார் தம் வசதிக்காகத் திறந்துவிடும் வாயிலினூடே புகும் தீமை அவ்வீட்டோடு நிற்பதில்லை என்பதற்கு, 2017 மே மாதத்தில் வைத்தியசாலை வாயில்களிலிருந்து திரும்பிச் சென்ற நோயாளர்கள் சான்றாவர்.