முட்டை ஓடும் கோழித் தீவனமும்: ஒரு வரலாறு

கோழிமுட்டையின் ஓடு ஏறத்தாழ 5 முதல் 6 கிராம் எடையுள்ளது. அதில் 94 விழுக்காட்டுக்கு மேல் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லிலும் கிளிஞ்சலிலும் உள்ள அதே பொருள். கால்சியமாக மட்டும் கணக்கிட்டால் ஓர் ஓட்டில் 2 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். முட்டையிடும் கோழி ஒரு நாளில் உண்ணும் தீவனம் 100 முதல் 120 கிராம். அது முழுவதும் மக்காச்சோளமாக இருந்தால் அதிலிருந்து கிடைக்கும் கால்சியம் ஒரு கிராமில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது. தானியங்களில் கால்சியம் மிகுந்தது எனப் பெயர்பெற்ற கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 0.34 கிராம்தான் உள்ளது. தானியம் மட்டும் தின்னும் கோழி இத்தனை சுண்ணாம்பை எங்கிருந்து பெறுகிறது என்ற கேள்விக்கு விடை காண அறிவியலுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இன்று கோழிக்குக் கிளிஞ்சல் வைக்கும் வழக்கத்தின் காரணம் அந்த விடையில்தான் இருக்கிறது.

வோக்லானின் கோழி

கேள்வியை முதலில் எடைத்தராசில் வைத்துப் பார்த்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லான். குரோமியம் தனிமத்தைக் கண்டறிந்தவர் இவரே. 1799ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு கோழியை அடைத்துவைத்துப் பத்து நாட்களுக்கு ஓட்ஸ் தானியம் மட்டும் கொடுத்த சோதனையை விவரித்தார். கோழி உண்டது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்நாட்களில் அது நான்கு முட்டைகள் இட்டது. தானியத்தின் சாம்பல், எச்சம், முட்டை ஓடு மூன்றையும் பகுத்துப் பார்த்தபோது, உள்ளே போனதைவிட வெளியே வந்த சுண்ணாம்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. அதே சமயம் தானியத்தில் இருந்த சிலிக்காவில் ஒரு பகுதி கணக்கில் வரவில்லை.

எடை பார்த்ததில் பிழை இல்லை. அரைக் கிலோ ஓட்ஸில் அரை கிராம் கால்சியம்கூட இராது. நான்கு ஓடுகளுக்கு 8 கிராம் தேவை. ஆனால் கோழியின் உடம்பில் சோதனைக்கு முன்பே எவ்வளவு சுண்ணாம்பு இருந்தது என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. எனவே உடலுக்குள் ஒரு பொருள் மற்றொன்றாக மாறுகிறதோ என்ற ஐயம் எழுந்தது. 1822இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட், அடைகாக்கும் முட்டையினுள் நாளாக நாளாகச் சுண்ணாம்பு கூடுவதைக் கண்டு அதே குழப்பத்திற்கு ஆளானார். கருவில் வளரும் குஞ்சு ஓட்டிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது என்பது பின்னால் தெளிவானது.

வோக்லானின் கணக்கு இருபதாம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. பிரான்சின் லூயி கெர்வ்ரான் 1960களில், மைக்கா கற்களைக் கொத்தும் கோழி அதிலுள்ள பொட்டாசியத்தைக் கால்சியமாக மாற்றுகிறது என்று நூல்கள் எழுதினார். அணுக்கருவையே மாற்றும் அத்தகைய வினை உயிருடலில் நிகழ்வதற்குச் சான்று எதுவும் இல்லை. 1993இல் நகைப்புக்குரிய ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு இவருக்கு அளிக்கப்பட்டது. இயற்கை வேளாண்மை பேசும் சில வட்டாரங்களில் இக்கருத்து இன்றும் உலவுகிறது. விடை அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிவிட்டது என்பதுதான் வியப்பு.

எலும்புக்குள் ஒரு சேமிப்பு

1934இல் கைஸ், பாட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பெண் புறாக்களின் தொடை எலும்பை முட்டையிடும் பருவத்தில் வெட்டிப் பார்த்தனர். வழக்கமாக மச்சை நிறைந்திருக்கும் உட்குழிவில் மெல்லிய எலும்பு ஊசிகள் வலைபோல் அடர்ந்திருந்தன. முட்டையிட்டு முடிந்ததும் அவை மறைந்தன. ஆண் புறாவில் இது இல்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் ஆண் பறவையிலும் தோன்றியது. இந்த மச்சை எலும்பு கோழியிலும் உண்டு. முதல் முட்டைக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன் உருவாகத் தொடங்கி, கால்சியம் வேண்டும்போது விரைவில் கரைந்து, கிடைக்கும்போது மீண்டும் நிரம்புகிறது. 2005இல் மேரி ஷ்வைட்சர் குழுவினர் டைரனோசாரஸ் ரெக்ஸ் ஒன்றின் தொடை எலும்பில் இதை ஒத்த திசுவைக் கண்டு, அது முட்டையிடும் பெண் விலங்கு என்று அறிவித்தனர். கோழியின் உடலமைப்பு அவ்வளவு பழையது.

வோக்லானின் கோழி தன் எலும்பிலிருந்து கடன் வாங்கி ஓடு செய்திருக்கிறது. ஒரு கோழியின் எலும்புக்கூட்டில் உள்ள மொத்தக் கால்சியம் 20 கிராம் அளவுதான். அதில் 8 கிராமை நான்கு முட்டைகளுக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று எண்ணிப் பார்க்கலாம்.

வெயில், கூண்டு, நோய்

சுண்ணாம்பு கொடுத்தாலும் அது குடலிலிருந்து உடலுக்குள் சேர வேண்டும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கொட்டகைக்குள் வளர்ந்த குஞ்சுகளுக்குக் கால் வளைவதும் கோழிகளின் முட்டை குறைவதும் நெடுநாள் புதிராக இருந்தன. 1920களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக் ஆகியோரின் குழு, புறஊதா ஒளியோ மீன் ஈரல் எண்ணெயோ கிடைத்தால் இக்குறை நீங்குவதைக் காட்டியது. தேவைப்பட்டது வைட்டமின் டி. இதிலும் கோழி ஒரு நுட்பத்தைக் கற்பித்தது. ஈஸ்ட் முதலியவற்றிலிருந்து பெறும் டி2 எலிக்கும் மனிதருக்கும் பயன்பட்டது. கோழிக்கு ஏறக்குறையப் பயன்படவில்லை. விலங்குத் தோலில் வெயிலால் உண்டாகும் டி3 வேறொரு பொருள் என்பதற்கு இது முக்கியமான தடயமாயிற்று.

வைட்டமினைப் புட்டியில் கொடுக்க முடிந்ததும் கோழிக்கு வெயில் தேவையில்லை என்றாயிற்று. கோழிகளை ஆண்டு முழுவதும் கட்டடத்துக்குள்ளும் பின்னர் கம்பிக் கூண்டுக்குள்ளும் வைத்து வளர்க்க வழி பிறந்தது. அதனோடு ஒரு நோயும் வந்தது. நன்றாக முட்டையிட்டுவந்த கோழிகள் திடீரென நிற்க முடியாமல் விழுந்தன. எலும்புகள் எளிதில் முறிந்தன. 1955இல் கூச் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கூண்டுக் கோழிச் சோர்வு என்ற பெயரில் பதிவுசெய்தார். மச்சை எலும்பில் எடுத்த கடன் திரும்பச் செலுத்தப்படாமல், உடலைத் தாங்கும் எலும்பிலும் கை வைக்க நேர்ந்த நிலை அது. ஓடு மெலிவதற்கு முன்பே எலும்பு மெலிந்துவிடக்கூடும் என்பதால், ஓட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்நோய் பிந்தித்தான் தெரியும்.

இரவில் நடக்கும் வேலை

முட்டை உருவாக ஆகும் 24 முதல் 26 மணி நேரத்தில் 20 மணி நேரம் ஓட்டுச் சுரப்பியில் கழிகிறது. ஓட்டின் பெரும்பகுதி இரவில் படிகிறது. அவ்வேளையில் சுரப்பி இரத்தத்திலிருந்து மணிக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கால்சியத்தை இழுக்கிறது. கோழியோ இருட்டிய பின் தின்பதில்லை. பொடியாக அரைத்த சுண்ணாம்புக்கல் மாலைத் தீவனத்தோடு சேர்ந்து சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். நள்ளிரவுக்குப் பின் வேலை எலும்பின்மேல் விழும்.

சிப்பி ஓட்டை உடைத்துக் கோழிக்கு வைக்கும் வழக்கம் இந்த விளக்கத்துக்கு முந்தியது. சிப்பியை உணவுக்காக உரித்துப் பதப்படுத்திய அமெரிக்கக் கடற்கரை ஊர்களில் மலைபோல் குவிந்த ஓடுகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கோழிப்பண்ணைகள் நல்ல சந்தையாயின. அது ஏன் பயன்படுகிறது என்பதை 1971இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் முதலியோர் ஆராய்ந்தனர். தீவனத்திலுள்ள சுண்ணாம்புப் பொடியில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பருமனான சிப்பித் துண்டுகளைக் கொடுத்தபோது ஓடு உறுதிப்பட்டது. துண்டுகள் இரைப்பையில் தங்கி இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரைகின்றன. சுண்ணாம்புக்கல்லையே 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனில் உடைத்துக் கொடுத்தாலும் ஏறத்தாழ அதே பலன். அதே ஆண்டு ஹியூஸ், வுட்குஷ் இருவரும் கால்சியம் குறைந்த கோழி அதைத் தேடித் தின்னும் தனிப்பசி உடையது எனக் காட்டினர். கோழி காரைச் சுவரைக் கொத்துவதைக் கெட்ட பழக்கம் என்று விரட்டியவர்கள் கவனிக்கத்தக்க முடிவு இது.

ஓட்டின் மறுபாதியான கார்பனேட் தீவனத்திலிருந்து வருவதில்லை. கோழியின் மூச்சுக்காற்றாக வெளியேறவேண்டிய கரியமில வாயுவிலிருந்து வருகிறது. கோடையில் கோழி வாய் திறந்து இரைக்கும்போது அவ்வாயு மிகுதியாக வெளியேறி ஓடு மெலிகிறது. தீவனமும் குறைவாகவே உள்ளே போகிறது. 1985இல் ஓடம் முதலிய ஆய்வாளர்கள் வெப்பத்தில் வாடிய கோழிகளுக்குச் சோடாத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தனர். ஓடு தேறியது. நடைமுறைக்கு ஒத்துவராத மருந்துதான் என்றாலும், காரணத்தை இவ்வளவு எளிதாக விளக்கிய சோதனை வேறில்லை. நாமக்கல் போன்ற வெயில் ஊர்களில் கோடைக்காலத் தீவனத்தில் சமையல் சோடா சேர்ப்பது இதே தத்துவத்தில்தான்.

புறக்கடைக்கு வரும்போது

தமிழ்நாட்டுப் பண்ணைகளில் முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு கால்சியம் இருக்குமாறு கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் கலக்கப்படுகின்றன. லாரியேறிக் கேரளம் வரை போகும் முட்டைக்கு ஓட்டின் உறுதி நேரடியான பணம். வீட்டுப் புறக்கடையில் அந்தக் கணக்கு யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் முன்பு இல்லை. நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் பத்துப் பதினைந்து முட்டை இட்டு அடையில் உட்கார்ந்துவிடும். அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் மாதங்களில் எலும்பு மீண்டும் நிரம்பும். ஆண்டுக்கு 60, 70 முட்டை போடும் பறவைக்கு நத்தை, பூச்சி, கீரை, மண், வெயில் இவையே போதுமானவை.

அதே முற்றத்துக்கு ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராமப்பிரியா போன்ற மேம்பட்ட இனங்கள் வந்தபோது நிலைமை மாறியது. இவை ஆண்டுக்கு 150க்கு மேல் முட்டையிடுகின்றன. அடையில் அமர்வது அரிது. தின்னக் கிடைப்பதோ அதே குருணையும் சோற்று மிச்சமும். தோல்முட்டை விழுவதையும், கூட்டிலேயே முட்டை உடைவதையும், உடைந்ததை ருசி பார்த்த கோழி பின்னர் நல்ல முட்டையையும் கொத்தத் தொடங்குவதையும் வளர்ப்போர் நோய் என்றோ கண்ணேறு என்றோ கருதுவதுண்டு. பெரும்பாலும் அது ஓய்வில்லாத கோழி ஒன்றின் கால்சியப் பற்றாக்குறை.

இதற்குச் செலவு அதிகமில்லை. பச்சரிசி அளவுக்கு உடைத்த கிளிஞ்சலைத் தீவனத்தில் கலக்காமல் தனிச் சட்டியில் வைத்தால், முட்டையிடும் கோழி வேண்டிய அளவைத் தானே எடுத்துக்கொள்ளும். அதிகம் தின்பது பிற்பகலில்தான். சமைத்து எஞ்சிய முட்டை ஓட்டையும் வறுத்தோ நன்கு காயவைத்தோ உரு தெரியாமல் நொறுக்கிக் கொடுக்கலாம். நீற்றாத சுண்ணாம்பு வாயையும் இரைப்பையையும் வெந்துபோகச் செய்யும். முட்டைக்கோழித் தீவனத்தை வளரும் குஞ்சுகளுக்குப் போடுவதும் தவறு. செலவழிக்க வழியில்லாத கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கடைத் தீவனத்தோடு குருணையைப் பாதிக்குப் பாதி கலந்து மிச்சம் பிடிப்பவர்கள், அதிலுள்ள கால்சியத்தையும் பாதியாக்கிவிடுகிறார்கள். கிளிஞ்சல் சட்டி மிகவும் தேவைப்படுவது அந்த வீடுகளில்தான்.