பொது நினைவகம் முதல் பொதுத் துடிப்பு வரை: கணினி இசைக்குழுக்களில் ஒருங்கிணைப்பு, 1978–2005

கணினி இசைக்குழுக்களின் வரலாற்றை இயந்திரங்களின் வேகத்தை வைத்தும் எழுதலாம். இக்கட்டுரை அந்த இயந்திரங்களுக்கு இடையே ஓடிய கம்பிகளைப் பின்தொடர்கிறது. குழுவில் யார் யாரைக் கேட்டார்கள், யாருக்கு யார் கட்டுப்பட்டார்கள் என்பதை அந்த இணைப்புகளே பெரிதும் தீர்மானித்தன என்பது இதன் வாதம்.

தொடக்கம் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில், மில்ஸ் கல்லூரியைச் சுற்றி உருவான இசைச் சூழலில். ஜிம் ஹார்ட்டன், ஜான் பிஷாஃப், ரிச் கோல்ட் ஆகியோர் 1978இல் தங்கள் கிம்-1 கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து இசைத்தனர். 1976இல் வெளிவந்த கிம்-1இன் விலை 245 டாலர். நினைவகம் ஒரு கிலோபைட்டுக்குச் சற்றே அதிகம். டேவிட் பெர்மனும், பின்னர் டிம் பெர்கிஸும் சேர்ந்த இக்குழு 'லீக் ஆஃப் ஆட்டோமேட்டிக் மியூசிக் கம்போசர்ஸ்' என்று பெயர் கொண்டது. ஒவ்வொரு கணினியிலும் அதன் உரிமையாளர் எழுதிய நிரல் ஓடும். ஒன்றின் சுரம் பற்றிய தகவல் இன்னொன்றின் சுரத்தையோ கால அளவையோ மாற்றும். இங்கே பொதுவான காலப்பிரமாணமும் இல்லை, நடத்துநரும் இல்லை. தாளத்தில் ஒன்றுவது இவர்களின் நோக்கமே அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் முடிவு மற்றவர் முடிவைத் தொட வேண்டும் என்பதையே இவர்கள் ஒருங்கிணைப்பாகக் கருதினர்.

இணைப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாக அமைப்பது பெரும்பாடாக இருந்தது. லீக் 1983இல் ஓய்ந்த பிறகு, பெர்கிஸும் பிஷாஃபும் அதற்குத் தீர்வாக ஒரு சிறு கணினியை நடுவில் வைத்தனர். அதன் நினைவகத்தில் எல்லோரும் எழுதலாம், எல்லோரும் படிக்கலாம். கிறிஸ் பிரவுன், ஸ்காட் கிரெஷம்-லங்காஸ்டர், மார்க் டிரெய்ல், ஃபில் ஸ்டோன் ஆகியோரையும் சேர்த்து அமைந்த குழுவுக்கு அந்தப் பெட்டியின் பெயரே வாய்த்தது: 'தி ஹப்'. ஊர்ச் சாவடியில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் போன்றது அந்த நினைவகம். எப்போது பார்ப்பது, பார்த்ததைப் பொருட்படுத்துவதா என்பதெல்லாம் பார்ப்பவர் விருப்பம். 1987இல் நியூயார்க்கில் மூவர் மூவராக இரண்டு இடங்களில் அமர்ந்து, தொலைபேசி மோடம் வழியே இணைந்து இக்குழு வாசித்தது.

1990 வாக்கில் ஹப், மின்னிசைக் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறும் மிடி முறைக்கு மாறியதைத்தான் இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பமாகக் கருதுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் கருவி மாற்றம். ஆனால் இப்போது செய்தி, பெறுபவரின் கணினிக்கே நேராக வந்து சேர்ந்தது. ஒருவர் இன்னொருவருக்கு மட்டும் தனியே அனுப்பவும் முடிந்தது. விரும்பியபோது பார்த்துக்கொள்ளும் உரிமை போய், வந்ததற்கு மறுமொழி தரும் கடமை வந்தது. பெர்கிஸின் 'வாக்ஸ்லிப்ஸ்' (1991) இதையே படைப்பின் விதியாக்கியது. கேட்கப்பட்ட சுரத்தை வாசி; அந்தக் கோரிக்கையை ஒரு நிலையான விதிப்படி மாற்று; வேறொருவருக்கு அனுப்பு. முன்கூட்டித் திட்டமிட்ட இசை வடிவம் மிகக் குறைவு. கோரிக்கைகள் கைமாறக் கைமாற, வடிவம் தானே எழுந்தது. இவ்வளவு எளிய விதியிலிருந்து குழுவின் குணமே இசையாக வெளிப்படுவதை இத்துறையின் அரிய சாதனைகளில் ஒன்றாக மதிக்க வேண்டும்.

2005இல் டான் ட்ரூமேனும் பெர்ரி குக்கும் தொடங்கிய பிரின்ஸ்டன் மடிக்கணினி இசைக்குழு வேறு திசையில் சென்றது. பதினைந்து பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவர் அருகிலும் ஓர் அரைக்கோள ஒலிபெருக்கி இருந்தது. ஒலி பொது மேடைப் பெருக்கியில் கலந்துவிடாமல் வாசிப்பவர் பக்கத்திலிருந்தே எழுந்ததால், யார் வாசிப்பது என்று காதாலேயே அறிய முடிந்தது. அத்துடன் இங்கே பொதுத் துடிப்பும் வந்தது. இக்குழுவுக்காக கே வாங் எழுதிய 'கிளிக்ஸ்' படைப்பில் கலைஞர்கள் விசைப்பலகையில் தட்டுகிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சுரம். தட்டல்கள் கணினி வலையமைப்பு வழியே பகிரப்படும் துடிப்பில் வந்து விழுகின்றன. நேரக் கட்டுப்பாட்டை இயந்திரம் ஏற்றுக்கொள்ள, நடத்துநர் வேகத்தையும் சுர எல்லையையும் கவனிக்கிறார். லீக் தவிர்த்த நடத்துநர் இங்கே திரும்பி வருகிறார். ஆனால் தாளத்தைப் பிடித்து நிறுத்தும் வேலை இப்போது அவருடையதல்ல.