எத்தீமுக்கு உகந்த இல்லம் எது?

சிங்கவரத்தை அடுத்துள்ள செஞ்சிக் கோட்டையினுள் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1714இல் தேசிங்கு ராஜனை வென்று கோட்டையைக் கைப்பற்றிய கர்நாடக நவாபின் பெயர் தாங்கியது அது. போர்க்களத்து நவாபைக் கதைப்பாடல் வழியே நம் மக்கள் அறிவர். அவருடைய இல்லத்தை அறிந்தோர் சிலரே. மகப்பேறு இல்லாத அவர் தம் சகோதரரின் புதல்வர் இருவரைத் தம் பிள்ளைகளாக ஏற்றார். மூத்தவரான தோஸ்த் அலி 1732இல் நவாபானார். இளையவரான பாகர் அலி வேலூரின் பொறுப்பைப் பெற்றார்.

உற்றார் பிள்ளையை உற்றாரே வளர்ப்பது இஸ்லாமிய மரபுக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். செவிலித்தாய் ஹலீமா, அன்னை ஆமினா, பாட்டனார் அப்துல் முத்தலிப், பெரிய தந்தை அபூதாலிப் என்று இல்லங்களிலேயே அவர்கள் வளர்ந்தார்கள். வளர்க்கும் பிள்ளையைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்குமாறு அல்குர்ஆன் (33:5) பணிக்கிறது. வம்சத்தை மாற்றாமல் பொறுப்பை மட்டும் ஏற்கும் இம்முறையே 'கஃபாலா'. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 20ஆம் பிரிவில் கஃபாலாவைப் பெயர் சொல்லியே ஏற்றுள்ளது. இந்தியா அவ்வுடன்படிக்கையில் 1992இல் இணைந்தது.

அவ்வாறெனில் எத்தீம்கானாக்கள் எங்ஙனம் தோன்றின? பேரிடர்களே அவற்றை ஈன்றன. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில் 1921ஆம் ஆண்டுக் கிளர்ச்சி எண்ணற்ற குடும்பங்களைச் சிதைத்தது. அடுத்த ஆண்டே பஞ்சாபின் மௌலானா அப்துல் காதிர் கஸூரி முதலானோர் முயற்சியால் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் அநாதை இல்லம் எழுந்தது. 1943இல் காலரா பரவியபோது கே.எம். மௌலவி, எம்.கே. ஹாஜி ஆகியோரின் உழைப்பால் திரூரங்காடி எத்தீம்கானா உருவானது. உறவினரும் ஒருங்கே வீழ்ந்த அந்நாளில் இவை உயிர்காத்த அரண்கள் என்பதில் ஐயமில்லை.

எனினும் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஃபிக்ஹு நூல்களின்படி, பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளையே எத்தீம். தாய் உயிரோடிருக்கும் எத்தீம்கள் பலர். வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு அப்பிள்ளையை விடுதிக்கு அனுப்பினால், தந்தையை இழந்த குழந்தை தாயையும் பிரிய நேர்கிறது. நவாபின் இல்லத்துப் பிள்ளைக்குக் கிட்டிய குடும்ப நிழல் ஏழை விதவையின் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

இன்றைய சட்டமும் இல்லத்தின் பக்கமே நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆம் பிரிவில் வளர்ப்புக் குடும்பப் பராமரிப்புக்கும், 45ஆம் பிரிவில் குடும்பங்களுக்கான நிதி ஆதரவுக்கும் வழிவகுத்துள்ளது. விதவைத் தாயின் பிள்ளையும், உறவினரிடம் வளரும் அநாதையும் இந்நிதி ஆதரவுக்கு உரியோர். 2022இல் வகுக்கப்பட்ட மிஷன் வாத்சல்யா நெறிமுறைகள் இதற்கெனக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் வரையறுத்துள்ளன. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவை அணுகி இதனைப் பெற வழிகாட்டுவது ஜமாஅத்துகளுக்கு அரிய பணியன்று.

எத்தீம்கானாக்களை மூடிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. எவருமற்ற பிள்ளைக்கு அவை என்றும் தேவை. ஆனால் ஜகாத்தும் ஸதக்காவும் முதலில் சென்றடைய வேண்டியது அந்தத் தாயின் வாசலை. பைத்துல்மால் கணக்கேட்டில் விடுதிச் செலவுக்கு மேலே, பிள்ளையைத் தன்னுடன் வைத்து வளர்க்கும் குடும்பத்துக்கென ஒரு வரி எழுதப்படட்டும்.