புதுவைப் பூங்காவும் நம் காட்டு மரங்களும்

புதுவை என்றதும் கவிஞர் நெஞ்சில் முதலில் எழுவது பாரதியாரின் குயில்தோப்பு. அந்நகரில் மற்றொரு பழஞ்சோலையும் உண்டு. பாட்டுக்குள் அவ்வளவாக இடம்பெறாத அச்சோலைதான் ஏறத்தாழ இருநூறு ஆண்டு அகவையுடைய தாவரவியல் பூங்கா. வானூர் வட்டாரத்தார் பலர்க்கும் அது பள்ளிப் பருவத்துச் சுற்றுலா இடம். அலங்கார மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் கண்டு வியந்ததும், சிறுவர் இரயிலைச் சுற்றி நின்று ஆரவாரம் செய்ததும் நம்மில் மூத்தோர்க்கு மறந்திராது. ஆயின் அப்பூங்கா ஏன் தோன்றியது என்று நாம் கேட்டதில்லை. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் அக்கேள்வியை எழுப்புவது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

தோற்றம்

ஆங்கிலேயர் கையிலிருந்து புதுவை மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்த 1816ஆம் ஆண்டில், லெஷெனோ என்னும் தாவரவியல் அறிஞர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். தமிழகத்திலும் வங்கத்திலும் இலங்கையிலும் திரிந்து செடிகளையும் விதைகளையும் திரட்டினார். கரும்பு, பருத்தி வகைகளை ரெயூனியன் தீவுக்கு அனுப்பினார். பத்தாண்டு கழிந்து, 1826இல் பூங்கா முறையாக அமைந்தது. அடுத்த ஆண்டே பொது நூலகமும் தோன்றிற்று. ஏட்டுக்கு ஓர் இல்லமும் செடிக்கு ஓர் இல்லமும் ஓராண்டு இடைவெளியில் எழுந்தன என்பது நினைக்கத்தக்கது.

இப்பூங்காவின் உயிர்நாடியாய் விளங்கியவர் சாமுவேல் பெரோத்தே. 1793இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, பாரிசின் புகழ்பெற்ற தோட்டத்தில் தொழில் பயின்று, சாவகம், பிலிப்பைன்ஸ், செனகல் எனப் பல நாடுகளைச் சுற்றியவர். 1834இல் புதுவைக்கு வந்தார். நீலகிரியின் செடிகளையும் ஆராய்ந்தார். இடையில் தாயகம் திரும்பி, 1843 முதல் இப்பூங்காவின் பொறுப்பை ஏற்றார். 1867இல் இங்குள்ள செடிகளுக்கு ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். 1870இல் புதுவை மண்ணிலேயே மறைந்தார்.

அவர் அவுரியைப் பற்றியும் ஒரு நூல் எழுதியுள்ளார். அதில் நமக்கும் பங்குண்டு. நம் பக்கத்து அவுரியில் தோய்ந்த நீலத்துணி, ‘கினே’ என்ற பெயரில் கப்பலேறிச் செனகல் வரை சென்றது. அழகுக்கு மட்டும் எழுந்த சோலை அன்று இது, வணிகத்தின் நாற்றங்கால். அயல்நாட்டுச் செடி இம்மண்ணில் பிழைக்குமா, இம்மண்ணின் செடி அயல்நாட்டில் பயன்தருமா என்று சோதித்த இடம். இன்று நம் ஊர்களின் அடையாளமாய் நிற்கும் முந்திரி, நிலக்கடலை, சவுக்கு மூன்றுமே கடல் கடந்து வந்தவை என்பதை எண்ணினால், செடிப்பெயர்ச்சியின் வலிமை விளங்கும்.

இன்றைய பூங்கா

பழைய பேருந்து நிலையத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 22 ஏக்கரில் பரந்துள்ளது பூங்கா. பிரெஞ்சுப் பாணியில் வகுத்த நேர்பாதைகள், மலர்ப்பாத்திகள், நீரூற்றுகள், பல கண்டத்து மரங்கள் ஆகியன இதன் செல்வம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் கரையேறிய ‘தானே’ புயல், நூறாண்டு கண்ட மரங்கள் பலவற்றை ஒரே இரவில் சாய்த்தது. மூன்று தலைமுறை காத்ததை மூன்று நாழிகைக் காற்று கொண்டுபோயிற்று.

கல்லான சோலை

புயலுக்கும் அசையாத ஒரு சோலை நம் வட்டத்திலேயே உள்ளது. அது திருவக்கரை. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் உருட்டிவந்த அடிமரங்கள் மணலில் புதைந்து, மரத்தின் நார் இருந்த இடத்தில் சிலிக்கா படிந்து, கல்லாய்க் கிடக்கின்றன. ஆண்டு வளையமும் கணுவும் இன்றும் தெரிகின்றன. 1781இல் பிரெஞ்சு அறிஞர் சொன்னரா இவற்றைப் பதிவு செய்தார். நம் முன்னோரோ அவற்றை வக்கிராசுரனின் எலும்புகள் என்றனர். அறிவியல் வேறு கூறினும், கண்டதற்கு ஒரு கதை சொல்லிக் காத்த அந்த உள்ளம் நாம் வணங்கத்தக்கது.

காவல் பெற்ற காடு

பட்டியலும் இல்லாமல் கல்லாகவும் ஆகாமல் பிழைத்த சோலையும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காடு அது. மரக்காணத்து உப்பளம் வெண்மையாய் விரிந்து கிடக்கும் இக்கரையில், ஒருகாலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. தெய்வத்தின் காடு என்னும் அச்சமே அதற்கு வேலி. அக்காட்டு மரங்களையே தேடித்தேடி வளர்க்கும் தாவரவியல் தோட்டம் ஒன்று 2000ஆம் ஆண்டில் ஆரோவில்லில் தொடங்கப்பட்டது. பெரோத்தே காலத்துத் தோட்டம் அயல்மரத்தை இங்குப் பழக்கியது. இத்தோட்டம் ஊர்மரத்தை ஊரிலேயே மீட்கிறது. இரண்டு நூற்றாண்டில் நிகழ்ந்த இம்மாற்றமே இவ்வரலாற்றின் சாரம்.

நமக்குள்ள கடன்

சில ஆண்டுகளுக்கு முன் நம் கூட்டமொன்றில் அன்பர் ஒருவர் காயாம்பூவை உவமையாக்கி அழகிய கவிதை படித்தார். அனைவரும் கைதட்டினோம். இறுதியில் பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “காயா மரத்தை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?” அவையில் பதில் எழவில்லை. நானும் தலைகுனிந்திருந்தவர்களுள் ஒருவன். காயா இக்கரையின் காட்டு மரம். நம் வாயிலிருந்தே நூறு பாட்டில் பூத்த அது, நம் கண்ணில் ஒருமுறையும் பூக்கவில்லை.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கினார். அப்பெயர்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறோம், செடியை அறியோம். அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் இங்குள்ள செடிகளுக்குப் பட்டியல் எழுதியபோது, அவற்றைத் தாய்மொழியில் அழைத்தவர்களின் பிள்ளைகளாகிய நாம் பெயர்களை நழுவவிட்டோம். வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி என்று வயல்வெளி முதியோர் சொல்லும் சொற்கள் அவரோடு போனால், பிறகு எந்த அகராதியும் அவற்றை மரத்தோடு சேர்த்துவைக்காது.

ஆதலால் வட்டத்தின் பதினோராம் ஆண்டில் ஒரு கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் புத்துப்பட்டுக் காட்டின் ஓரம் வைப்போம். ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னே நடக்கவிட்டு, அவர் காட்டும் மரத்தைக் கண்டு, அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்வோம். கவிதையை அதன் பிறகு எழுதலாம். அப்போது காயா நம் பாட்டில் உவமையாக மட்டும் நில்லாது, உறவாக நிற்கும்.