தீர்க்கதரிசனம்: ஒரு சொல்லும் இரண்டு புத்தகங்களும்

தீர்க்கம், தரிசனம் என்ற இரண்டு வடசொற்கள் கூடிப் பிறந்தது தீர்க்கதரிசனம். தீர்க்கம் என்றால் நீளம். தீர்க்காயுசு, தீர்க்கசுமங்கலி என்று வாழ்த்தும்போது கேட்கப்படுவது நீண்ட வாழ்வு. பழைய பூகோளப் பாடநூல்களில் தீர்க்கரேகை என்பது வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் கோடு. தரிசனம் என்றால் பார்வை. பழனியிலும் அதற்கு மேற்கே உடுமலைப்பேட்டைச் சாலையிலுள்ள நெய்க்காரப்பட்டியிலும் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. மலைக்குப் போய்வந்தவரிடம் கேட்கும் முதல் கேள்வியே தரிசனம் நன்றாகக் கிடைத்ததா என்பதுதான். இரண்டும் சேர்ந்தால் தொலைவு வரை செல்லும் பார்வை என்று பொருள்.

வடமொழியில் இது தொடக்கத்தில் தெய்வ வாக்கைக் குறித்த சொல்லன்று. நாளை நேரப்போவதை இன்றே எண்ணிப் பார்க்கும் விவேகியைத் தீர்க்கதர்சி என்றார்கள். கதாசரித்சாகரத்தின் வேதாளக் கதைகளில் அங்கநாட்டு மன்னன் யசகேதுவின் அமைச்சனுக்கு இதுதான் பெயர். மன்னன் சுகத்தில் மூழ்கிக் கிடக்க, அரசாட்சியின் பாரத்தைச் சுமந்தவன் அவன். அமைச்சனுக்குரிய இந்தக் குணப்பெயர் விவிலிய மனிதர்களான ஆமோசுக்கும் எசாயாவுக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பதில்தான் சொல்லின் தமிழ் வரலாறு தொடங்குகிறது.

விவிலியம் தமிழில் அச்சேறிய இடம் தரங்கம்பாடி. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக வெளிவந்தது. யோவானின் வெளிப்பாட்டுப் புத்தகமும் அதில் அடக்கம். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்த நிலையில் 1719இல் அவர் இறந்தார். எஞ்சியதைச் சூல்ட்சே முடித்தார். தானியேல் முதலிய புத்தகங்கள் 1728க்குள் அச்சாயின. பிறகு பப்ரிசியுஸ் வந்தார். அவருக்குப் பின் இரேனியுஸ். கடைசியில் ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பை வெளியிட்டது. புராட்டஸ்டண்டு சபைகள் இன்றும் பெரும்பாலும் கையில் வைத்திருப்பது அதைத்தான். தீர்க்கதரிசி என்ற சொல் சபையாரின் நாவில் நிலைத்ததற்கும் அந்தப் பதிப்பே முதற்காரணம்.

ஏன் இந்தச் சொல்? ஊர்ப்புறத்தில் தெய்வத்தின் பேரால் பேசுபவர்களுக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் அந்தச் சொற்களெல்லாம் வேறொரு வேலைக்குப் போய்விட்டன. உபாகமம் 18ஆம் அதிகாரம் இஸ்ரவேலருக்கு ஆகாதவர்கள் என்று ஒரு பட்டியல் தருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் அதில் நிற்பவர்கள் குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சன்னதக்காரன் முதலானோர். அத்தனை பேரும் திண்டுக்கல் சமவெளியின் எந்தச் சந்தைக்கூட்டத்திலும் காணக்கூடியவர்கள். விலக்கப்பட்டவர்களுக்கு ஊர்ச்சொற்கள் போனபின், அதே அதிகாரத்தில் கடவுள் எழுப்பப்போவதாகச் சொல்லப்படும் ஆளுக்கு ஊருக்கு வெளியே இருந்து ஒரு சொல் வேண்டியிருந்தது. தீர்க்கதரிசி அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணியமான சொல், அரசவைச் சொல், எந்தச் சாமியாடியையும் நினைவூட்டாத சொல். மொழிபெயர்ப்பாளர்களைக் குறைசொல்ல இதில் அதிகமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எபிரேயத்தில் இந்த ஆளுக்குப் பெயர் நாவி. அழைத்தல், அறிவித்தல் என்ற பொருளுடைய வேரோடு அறிஞர்கள் இதை இணைக்கிறார்கள். அக்காதிய மொழியின் நபூ என்ற வினையும், முஸ்லிம்கள் வழியாகத் தமிழுக்கு வந்து சீறாப்புராணம் முழுதும் ஒலிக்கும் நபி என்ற அரபுச் சொல்லும் இதன் உறவுகள். கிரேக்கத்தில் இதற்கு ஈடாக வைத்த புரொஃபேத்தேஸ், தெய்வத்தின் சார்பில் எடுத்துரைப்பவரைக் குறிப்பது. இரண்டு மொழியிலும் சொல் நிற்பது வாயில். தமிழில் அது கண்ணுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. எபிரேயத்திலும் பார்ப்பவரைக் குறிக்க ரோஎ என்று தனிச்சொல் உண்டு. இன்று நாவி எனப்படுபவரை முன்காலத்தில் ரோஎ என்றார்கள் என்று 1 சாமுவேல் 9ஆம் அதிகாரமே ஒரு சொல்லாராய்ச்சிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. பழைய தமிழ்ப் பதிப்பு அந்த ரோஎவை ஞானதிருஷ்டிக்காரன் ஆக்கியது. ஆக, அந்த வரியில் திருஷ்டி, தரிசனம் என்று பார்வையே இருமுறை வருகிறது. பேச்சு காணாமல் போனதால் வாக்கியம் சொல்ல வந்த வேறுபாடும் மங்கிவிட்டது.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் பேசியதைப் படித்தால் இழப்பு எவ்வளவு என்பது புரியும். ஏழையைச் செருப்புக்காக விற்றவர்களையும், கள்ளத்தராசு வைத்தவர்களையும், இலஞ்சம் வாங்கிய நீதிபதிகளையும் முன்னே நிறுத்தி அவர்களுக்கே சொன்ன கண்டனம் அது. வரப்போவதைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் இருப்பதை மாற்றுவதற்காகச் சொன்னது. பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசன வரத்தின் பயனாக வளர்ச்சி, ஊக்கம், ஆறுதல் ஆகியவற்றையே குறிப்பிடுகிறார். தீர்க்கதரிசி என்ற சொல்லோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கோ முன்கூட்டிச் சொல்வதுதான் முதலில் தோன்றும். ஆமோசைப் படிக்கும்போது இதனால் பெரிய சேதமில்லை. தானியேலையும் யோவானின் வெளிப்பாட்டையும் கையில் எடுக்கும்போது சொல் தன் வேலையைக் காட்டுகிறது.

தானியேல் எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்பதிலேயே யூதரும் கிறிஸ்தவரும் பிரிகிறார்கள். எபிரேய வேதாகமத்தில் அது நாவிகளின் தொகுதியில் இல்லை. சங்கீதமும் நீதிமொழிகளும் உள்ள எழுத்துகள் என்ற மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. ஆகாய், சகரியா, மல்கியா மூவரும் நாவிகள், தானியேல் நாவி அல்லர் என்று தல்மூது சொல்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள் அதை எசேக்கியேலுக்கு அடுத்து வைத்தார்கள். மத்தேயு நற்செய்தியும் தானியேலை அந்தப் பட்டத்தோடுதான் அழைக்கிறது. யூதருள்ளும் ஒரே குரல் இருந்ததாகச் சொல்ல முடியாது: சாக்கடல் சுருள்களில் ஒன்று தானியேலை நாவி என்றே குறிப்பிடுகிறது. தமிழ் விவிலியம் கிறிஸ்தவ வரிசையைப் பின்பற்றுவதால், தானியேலும் தமிழில் ஐயத்துக்கிடமின்றித் தீர்க்கதரிசி ஆனார்.

புத்தகத்தின் காலம் பற்றிய வாதம் பழையது. கதை நடப்பது கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் பாபிலோனில். ஆனால் இது மக்கபேயர் காலத்தில் எழுதப்பட்டது என்று கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே தத்துவவாதி போர்ஃபிரி வாதிட்டார். அவருடைய நூல் அழிந்துவிட்டது. மறுப்பதற்காக எரோணிமுஸ் தம் தானியேல் உரையில் எடுத்துக்காட்டியதால்தான் வாதம் தப்பியது. எதிர்வாதியின் கைவழியே பிழைத்த நூல்கள் தமிழிலும் உண்டு. நீலகேசி உரையில் மிஞ்சிய குண்டலகேசிப் பாடல்களைப் போல.

இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் போர்ஃபிரியின் பக்கம் நிற்பதற்குக் காரணம் 11ஆம் அதிகாரம். எகிப்தை ஆண்ட தாலமி மரபினரும் சிரியாவை ஆண்ட செலூக்கிய மரபினரும் நடத்திய போர்களும் மணவுறவுகளும் துரோகங்களும் அதில் பெயர் சொல்லாமல் வரிசை தவறாமல் வருகின்றன. நான்காம் அந்தியோக்குஸ் கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியது வரை விவரம் துல்லியம். அதன்பின், அந்த அரசன் கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே முடிவடைவான் என்கிறது புத்தகம். அவனோ கி.மு. 164இல் பாரசீகப் பகுதியில் இறந்தான். துல்லியம் எங்கே முறிகிறதோ அங்கேதான் ஆசிரியர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்பது ஆய்வாளர் முடிவு. பழமைவாத அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. அந்தக் கடைசி வசனங்கள் வேறொரு இறுதிக்கால அரசனைச் சுட்டுகின்றன என்பார்கள்.

இந்த அளவுகோல் இந்திய வாசகருக்குப் புதிதன்று. விஷ்ணு, வாயு, மத்ஸ்ய புராணங்கள் நந்தரையும் மௌரியரையும் ஆந்திரரையும் இனி ஆளப்போகிறவர்களாக எதிர்காலத்தில் வைத்துப் பேசுகின்றன. 1913இல் அப்பகுதிகளைத் தொகுத்த பார்கிட்டர், அரசர் பட்டியல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக்கொண்டே அவை தொகுக்கப்பட்ட காலத்தைக் கணக்கிட்டார். நடந்ததை நடக்கப்போவதாகச் சொல்லும் உத்தி அந்தப் பழைய உலகில் மோசடியாகக் கருதப்படவில்லை. சிதறிய நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறது என்று காட்டும் வழி அது. வதைபட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு, கொடுமைக்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னது தானியேல். அங்கே வரும் 2300 மாலையும் காலையும் கிட்டத்தட்ட ஆலயப் பலி நின்றுபோயிருந்த 1150 நாட்களைக் குறிப்பதாகப் பலர் கொள்கிறார்கள்.

மற்றப் புத்தகமான யோவானின் வெளிப்பாட்டுக்குத் தமிழில் மூன்று பெயர். புராட்டஸ்டண்டு பதிப்பில் வெளிப்படுத்தின விசேஷம்; பழைய கத்தோலிக்க வழக்கில் காட்சியாகமம்; 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் திருவெளிப்பாடு. கிரேக்கத் தலைப்பு அப்போகலுப்சிஸ், மூடியிருந்ததைத் திறத்தல். ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல் நாளடைவில் உலக அழிவுக்குப் பெயராகிவிட்டது. தமிழ் அந்த விபத்திலிருந்து தப்பியது. வெளிப்பாடு என்பதில் எந்தத் தமிழருக்கும் தீயும் கந்தகமும் தெரிவதில்லை. விசேஷம் இன்னும் சாதுவான சொல். பழனி வட்டாரத்தில் வீட்டில் விசேஷம் என்றால் கல்யாணமோ காதுகுத்தோதான்.

இந்த வகை எழுத்துக்கு இலக்கணம் வகுக்கும் வேலை 1832இல் ஃபிரீட்ரிஷ் லூக்கெ என்ற ஜெர்மானிய அறிஞரிடம் தொடங்கியது. 1979இல் ஜான் காலின்ஸ் தலைமையில் ஒரு குழு தந்த வரையறை இன்று பரவலாக வழங்குகிறது: கதைச் சட்டகம் உண்டு, விண்ணுலகத்தவர் ஒருவர் மனிதருக்கு மறைபொருளைக் காட்டுவார், காட்டப்படுவது இறுதி மீட்பும் மறுவுலகமும். நாவி தெருவில் நின்று பேசுகிறார். வெளிப்பாட்டு எழுத்தாளர் காட்சி காண்கிறார், புரியாமல் தவிக்கிறார், தூதர் விளக்குகிறார், அவர் எழுதி வைக்கிறார். ஏனோக்கு, எஸ்றா, பாரூக்கு என்று பழம்பெரியோர் பெயரில் எழுதுவதும் இவ்வகையின் வழக்கம். யோவான் தம் சொந்தப் பெயரில் எழுதினார். தானியேலுக்குப் புத்தகத்தை முத்திரையிடக் கட்டளை. யோவானுக்கு முத்திரை வேண்டாம், காலம் சமீபம் என்று கட்டளை. அதோடு அவர் தம் நூலைத் தீர்க்கதரிசனம் என்றும் அழைத்துக்கொள்கிறார் என்பதால், இங்கே இரு வகைகளுக்கும் நடுவே கோடு கிழிப்பது எளிதில்லை.

பத்மு தீவிலிருந்து ஆசியாவின் 7 சபைகளுக்கு எழுதிய இந்த நூலுக்கு ஆய்வாளர் தரும் காலம் பெரும்பாலும் கி.பி. 95 அளவில், தொமித்தியன் ஆட்சியில். 7 மலைகள்மேல் உட்கார்ந்திருக்கும் பாபிலோன் உரோமையே. 666 என்ற எண்ணுக்கும் விடை அங்கேதான் தேடப்படுகிறது. எபிரேயத்தில் எழுத்தே எண்ணுமாகும். நேரோன் கேசர் என்பதை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் முதற்சொல் 306, அடுத்தது 360. மொத்தம் 666. இலத்தீன் உச்சரிப்பில் நேரோ என்று இறுதி ன் எழுத்தை விட்டால் 50 குறைந்து 616. ஆக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு பழைய பாப்பிரஸ் ஏட்டில் எண் 616 என்றே இருக்கிறது. வேறெந்த விளக்கமும் இரண்டு பாடங்களுக்கும் இவ்வளவு இயல்பாகக் கணக்குச் சொல்லவில்லை.

ஆய்வு ஒரு பக்கம் நடக்க, கணக்குப் போடுவோரும் ஓய்ந்ததில்லை. முடிவைக் கணக்கிடுவோரைத் தல்மூதே சபித்திருக்கிறது. அமெரிக்காவின் வில்லியம் மில்லர் 2300 நாட்களை ஆண்டுகளாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணி 1843, 1844க்கு வந்து ஏமாந்தார். தென்னாட்டில் இரேனியுசிடம் பயின்ற அருளப்பன் 1840இல் வத்திராயிருப்பு அருகே கிறிஸ்டியான்பேட்டையை ஏற்படுத்தினார். 1860இல் அங்கு எழுந்த எழுப்புதலில் தீர்க்கதரிசனம் உரைப்பதும் இயேசுவின் வருகையை எதிர்பார்ப்பதும் சேர்ந்தே வந்தன. அந்த அலை திருவிதாங்கூருக்குப் பரவியபோது, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த யுஸ்துஸ் யோசேப்பு 1881இல் கிறிஸ்து வருவார் என்று 1875இல் அறிவித்தார். ஆண்டு கடந்தது, யுயோமயம் என்ற தனிச்சபை மட்டும் மிஞ்சியது. அதே தென்கோடியில் 1841இல் எழுதப்பட்ட அய்யாவழியின் அகிலத்திரட்டு அம்மானையும் கலி அழிந்து தர்மயுகம் பிறப்பதைச் சொல்கிறது என்பதை ஆய்வாளர் இன்னும் போதுமான அளவு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

20ஆம் நூற்றாண்டுப் பெந்தெகொஸ்தே சபைகள் புதுச்சொற்களைச் சேர்த்தன. இரகசிய வருகை, உபத்திரவ காலம், ஆயிரவருட அரசாட்சி ஆகியவை இன்று கூட்ட விளம்பரங்களில் சாதாரணம். இரகசிய வருகை என்ற கருத்து 1830களில் ஜான் டார்பி முதலானோர் வழியே பரவியது; அந்தச் சொற்றொடர் விவிலியப் பதிப்புகளில் கிடையாது.

1995 மொழிபெயர்ப்பு தீர்க்கதரிசியை இறைவாக்கினர் ஆக்கியது. ஞானதிருஷ்டிக்காரனைத் திருக்காட்சியாளர் ஆக்கியது. அந்திக்கிறிஸ்து எதிர்க்கிறிஸ்து ஆனார். வாக்கு என்ற சொல்லால் நாவியின் வாய் திரும்பக் கிடைத்தது. அம்மன் கோயில்களில் அருள்வாக்கு கேட்டுப் பழகிய ஊர்களில் அந்தச் சொல்லுக்குத் தனி எடையும் உண்டு. 1871இல் தவிர்க்கப்பட்ட உறவு அப்படிப் பின்வாசல் வழியாக வந்தது. 2003இல் உருவான திண்டுக்கல் மறைமாவட்டத்தின் ஆலயங்களில் இறைவாக்கினர் எசாயா வாசிக்கப்படுகிறார். அதே வட்டாரத்தின் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் அவர் ஏசாயா தீர்க்கதரிசி. சபைக்கு வெளியேயோ பழைய சொல் அமைச்சன் காலத்துப் பொருளுக்கே திரும்பிவிட்டது. 1921இல் மறைந்த பாரதி விடுதலை வந்துவிட்டதாகவே பாடியதால் தீர்க்கதரிசி ஆனார். தேர்தல் முடிவைச் சரியாகச் சொன்ன பத்திரிகையாளரும் ஒரு வாரத்துக்கு அந்தப் பட்டத்தைப் பெறுகிறார்.