கிரீன்வில் நகர மையம்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், நெசவாலைகளால் தழைத்த ஊர் கிரீன்வில். புறநகர் வணிக வளாகங்கள் வந்ததும் அதன் மெயின் ஸ்ட்ரீட் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

1971 முதல் 1979 வரை மேயராக இருந்த மேக்ஸ் ஹெல்லர், வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் இங்கு வந்த யூதர். சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் முதலாளியானவர். நான்கு தடங்கள் கொண்ட மெயின் ஸ்ட்ரீட்டை இரண்டு தடங்களாகக் குறுக்கி, நடைபாதையை அகலப்படுத்தி, மரங்கள் நடும் திட்டத்தை அவர் கையிலெடுத்தார். காரில்லாமல் காலெடுத்து வைக்காத நாட்டில் இது துணிச்சல்தான்.

இந்த மறுமலர்ச்சியின் தொடர்ச்சியாக, 1982இல் மெயின் ஸ்ட்ரீட்டில் ஹையத் ஹோட்டல் வந்தது.

ஊரின் நடுவே ரீடி ஆற்றில் அருவி இருந்தும், மேலே சென்ற கேம்பர்டவுன் நெடுஞ்சாலைப் பாலம் அதை மறைத்தே வைத்திருந்தது. 1995இல் மேயரான நாக்ஸ் வைட் காலத்தில் பாலம் இடிக்கப்பட்டு, 2004இல் அருவியருகே பூங்காவும் லிபர்ட்டி நடைபாலமும் திறக்கப்பட்டன. வளைந்து செல்லும் இந்நடைபாலத்தை ஒரு பக்கத்துக் கம்பிவடங்கள் மட்டுமே தாங்குகின்றன.