பள்ளிக் களமும் கல்லூரிக் களமும்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், தண்டலத்தையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த பெற்றோர் சிலர் ஒரு கோப்பைக் கையில் ஏந்திப் பங்குக் குருவை நாடி வருவது வழக்கம். அக்கோப்பில் மதிப்பெண் சான்று ஒன்றே இருக்கும். கைப்பந்துச் சான்றிதழ்களோ பத்துக்கு மேல் இருக்கும். குறுவட்டப் போட்டியில் முதலிடம், மாவட்டத்தில் இரண்டாமிடம், குடியரசு நாள் போட்டி, பாரதியார் நாள் போட்டி என அவை அடுக்கப்பட்டிருக்கும். "சாமி, இவன் காலேஜுக்குப் போனால் இந்த ஆட்டத்தில் நிலைப்பானா?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து இதற்கு விடை சொல்லிவிட இயலாது. இவ்வாட்டம் நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம்.

வாலிபால் என்றே ஊரார் அழைக்கும் இவ்வாட்டம் சிறுவர்க்காகத் தோன்றியதன்று. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் இதனை வகுத்தார். அருகிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் நான்காண்டுகளுக்கு முன் பிறந்திருந்த கூடைப்பந்து, நடுவயது வணிகர்களுக்கு மூச்சு வாங்கச் செய்வதாயிருந்தது. ஒருவரோடொருவர் மோதாமல், வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் ஆட்டமொன்று அவர்களுக்காக அவர் சிந்தையில் உதித்தது. அதற்கு அவர் இட்ட பெயர் 'மிண்டனெட்'. அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டில் அதனைக் கண்ணுற்ற ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட் என்பவர், பந்து நிலம் தொடாமல் வானிலேயே அடிபடுவதைக் கண்டு 'வாலிபால்' எனும் பெயரைப் பரிந்துரைத்தார்.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் விளங்கும் அக்கல்லூரியில் பயின்று வெளியேறிய உடற்கல்வி ஆசிரியர்கள், தாம் பணியேற்ற பள்ளிகளுக்கெல்லாம் தாம் கற்ற ஆட்டங்களையும் உடன் கொண்டு சென்றனர். கிரிக்கெட்டுக்கு வேண்டிய பரந்த வெளியும் செலவும் கைப்பந்துக்கு வேண்டா. பதினெட்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம். இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து. கோயில் திடலிலும் ஏரிக்கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் அது வேர்கொண்டது. பூந்தமல்லிக் குருமடத்தில் நாங்கள் பயின்ற காலத்திலும் மாலை மணி அடித்ததும் அங்கியைக் களைந்து ஓடியது பெரும்பாலும் இந்த வலையை நோக்கித்தான். இறையியலில் பின்தங்கியவர்கள் வலையருகே முன்வரிசையில் நின்றதும் உண்டு.

இந்தியக் கைப்பந்துக் கூட்டமைப்பு 1951-இல் உருவாயிற்று. அதன் முதல் தேசியப் போட்டி 1952-இல் நடைபெற்றது நம் சென்னையிலேயே. 1958-இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் அறுவர் ஆட்டத்தில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. 1962-இல் ஜகார்த்தாவில் வெள்ளி. அர்ஜுனா விருது தோற்றுவிக்கப்பட்ட 1961-ஆம் ஆண்டிலேயே கைப்பந்துக்காக அதனைப் பெற்றவர் தமிழகத்தின் அ. பழனிசாமி. பின்னர் 1982-இல் நம் ஜி.இ. ஸ்ரீதரனும் அவ்விருதைப் பெற்றார். 2007-இல் பயிற்சியாளர்க்குரிய துரோணாச்சாரியார் விருதும் அவரை வந்தடைந்தது. ஆக, இம்மண்ணுக்கு இந்த ஆட்டம் புதிதன்று, திறனும் குறைவன்று.

பள்ளிக்கும் இத்தகைய உயரத்துக்கும் இடையில் நிற்கும் பாலம்தான் கல்லூரி. சென்னை இலயோலாக் கல்லூரி தன்னை நிறுவிய சேசு சபைத் தந்தை பெர்ட்ராம் நினைவாக ஆண்டுதோறும் நடத்திவரும் போட்டிகளில் கைப்பந்தும் இடம்பெறுகிறது. இத்தகைய கல்லூரிப் போட்டிகளே, பள்ளியில் பெயர்பெற்ற பையனைத் தன்னினும் மூன்று நான்கு ஆண்டு மூத்தவர் எதிரே முதன்முறையாக நிறுத்துகின்றன. தன் உண்மையான அளவு இன்னதென்று அவன் காண்பது அங்கேதான்.

இப்பாலத்தைக் கடந்தவர்களில் நம் அண்டை மாநிலத்து ஜிம்மி ஜார்ஜைப் போல் ஒளிவீசியவர் இல்லை. 1955-இல் கண்ணூர் மாவட்டத்துப் பேராவூரில் பிறந்த அவருக்கு ஆட்டத்தைக் கற்பித்தவர் அவருடைய தந்தையே. உடன்பிறந்தவரோடு சேர்த்து ஆண்மக்கள் எண்மர். ஓர் அணிக்கு வேண்டியது அறுவர்தானே! வீட்டுக்குள்ளேயே ஓர் அணி முழுமையாக அமைந்ததோடு, மாற்று ஆட்டக்காரர் இருவரும் மீந்தனர். கோழிக்கோட்டுத் தேவகிரி புனித யோசேப்பு கல்லூரி மாணவராகக் கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழக அணிக்கு ஆடியபோது அவர் இளந்தளிர். 1973-இல் பாலா புனித தோமையார் கல்லூரியில் சேர்ந்தார். அவ்வாண்டு முதல் 1976 வரை கேரளப் பல்கலைக்கழக அணிக்காக அவர் ஆடிய நான்காண்டுகளிலும் அகில இந்தியப் பல்கலைக்கழகப் பட்டம் அவ்வணிக்கே சென்றது. 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் ஆடியபோது அவர் இன்னும் கல்லூரி மாணவர். 21-ஆம் வயதில் அர்ஜுனா விருது, கேரளக் காவல்துறையில் பணி, பின்பு அபுதாபி, அதன்பின் இத்தாலியின் தொழில்முறை அணிகள். 1986-இல் சியோலில் இந்தியா வெண்கலம் வென்றபோதும் அணியில் இருந்தார். மறு ஆண்டு நவம்பரில் இத்தாலியில் நேர்ந்த சாலை விபத்தில் 32-ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது அவர் வென்ற பட்டங்களை அல்ல. கல்லூரிக்குள் நுழையும்போதே அவர் பல்லாண்டுகள் தம்மிலும் மூத்தவரோடு, வீட்டு முற்றத்திலேயே, எல்லா இடங்களிலும் நின்று ஆடிப் பழகியிருந்தார். நம் பள்ளி ஆட்டக்காரனுக்கு வாய்க்காதது இதுவே.

பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 என வயதுப் பிரிவுகளாக நடைபெறுகின்றன. ஒரே வயதுப் பிரிவிலும் வளர்ச்சி ஒன்றுபோல் இராது. பதினைந்து வயதில் ஆறடி தொட்ட பையன் வலைக்குமேல் எழும்பி ஓங்கி அடித்தால் எதிரணியில் தடுப்பாரில்லை. கோப்பையை வென்றாக வேண்டிய பள்ளி, அவனை முன்வரிசையில் அடிக்க மட்டும் விட்டு, பின்னால் வந்து விழும் பந்துகளையெல்லாம் மற்றவர் எடுக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளும். ஒரே உடற்கல்வி ஆசிரியர் நூற்றுக்கணக்கான மாணவர்க்கு ஓட்டம் முதல் கபடி வரை அனைத்தையும் கற்பிக்க வேண்டியிருக்கும் பள்ளியில் இதைக் குறையென்று சொல்வதும் நியாயமாகாது. ஆனால் கல்லூரியில் அடியெடுத்து வைத்ததும் கணக்கு மாறுகிறது. ஆடவர் வலையின் உயரம் 2.43 மீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டடி. அங்கே அவனையொத்த உயரமுடையவர் அறுவர் நிற்பர்; அவன் அடியைத் தடுக்க இருவர் ஒன்றாக எழும்புவர்; சர்வீஸ் அவனையே குறிவைத்து வரும். பந்தை வாங்கி எடுத்துக் கொடுக்கக் கல்லாதவன் முதல் ஆண்டிலேயே பெஞ்சில் அமர நேர்கிறது.

ஆட்ட விதிகளில் நேர்ந்த மாற்றமும் இதனைக் கடுமையாக்கிற்று. முன்னர் சர்வீஸ் போடும் அணிக்கே புள்ளி உண்டு. மற்ற அணி தவறினால் மட்டுமே எண்ணிக்கை ஏறும். பதினைந்து புள்ளிகளுக்கு ஒரு செட். 1998-இல் உலகக் கூட்டமைப்பு இம்முறையைக் கைவிட்டு, யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி என்றும், 25 புள்ளிகளுக்கு ஒரு செட் என்றும் மாற்றிற்று. பந்தை வாங்கத் தெரியாதவனை மறைத்து வைக்க இனி இடமில்லை. அவனுடைய ஒவ்வொரு பிழைக்கும் உடனே விலை கொடுத்தாக வேண்டும். அதே காலத்தில் 'லிபரோ' எனும் ஆட்டக்காரர் புகுத்தப்பட்டார். வேறு நிறச் சட்டை அணிந்து, பின்வரிசையில் மட்டும் ஆடி, பந்தை வாங்குவதையே தொழிலாகக் கொண்டவர் அவர். பள்ளியில் குள்ளன் என்று ஒதுக்கப்பட்ட பையனுக்கு இது எதிர்பாராத வாசல். பெற்றோர் கொண்டுவரும் கோப்புகளில் நான் முதலில் தேடுவது பரிசுகளை அல்ல, பையன் எந்த இடத்தில் நின்று ஆடினான் என்பதையே. சான்றிதழில் அது இராது, அவன் வாயால்தான் சொல்ல வேண்டும்.

கல்லூரிக்குள் நுழையும் வழிகள் இரண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் துன்புற்ற குடும்பங்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்க்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அனைத்து ஆட்டங்களுக்கும் சேர்த்தே இந்த எண்ணிக்கை. அது முன்னர் ஆடிய ஆட்டத்துக்குக் கிடைக்கும் பரிசு. இடம் கிடைத்தபின் பந்தைத் தொடாமலே நான்காண்டுகளை முடித்துப் பொறியாளராக வெளிவருவோர் பலர். அவர்களைக் குறை கூறுவது பொருந்தாது. மற்றொரு வழி, தனியார் கல்லூரி தன் அணிக்கென ஒருவனைத் தெரிந்தெடுத்துக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் குறைப்பது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற நிறுவனங்கள் பல்கலைக்கழகக் கைப்பந்தில் முன்னணிக்கு வந்தது இத்தகைய முனைப்பால்தான். இங்கே சலுகை என்பது இனி ஆடப்போகும் ஆட்டத்துக்கான முன்பணம். இரண்டாம் ஆண்டில் முழங்கால் சவ்வு கிழிந்தால் அம்முன்பணம் என்னவாகும்? இதனைச் சேர்க்கை நாளிலேயே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறு நான் பெற்றோரிடம் சொல்வதுண்டு. கேட்பதற்குக் கூசுகின்றனர், சலுகை கைநழுவிவிடுமோ என்னும் அச்சம்.

பாலத்தின் மறுகரையையும் பார்க்க வேண்டும். முன்னாளில் கல்லூரி ஆட்டம் ஓர் ஊதியத்தில் சென்று முடிந்தது. 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு இரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காவல்துறை ஆகியவை தத்தம் அணிகளுக்கென ஆட்டக்காரர்களைப் பணியில் அமர்த்தின. கைப்பந்தில் ஐ.சி.எஃப். என்னும் மூன்றெழுத்துக்கு நாடெங்கும் மதிப்பிருந்தது. பகலில் பட்டறை அல்லது மேசை, மாலையில் களம், ஓய்வுபெறும் வரை சம்பளம். 2019-இல் தொடங்கிய தொழில்முறை லீக்கின் முதற்பட்டத்தைச் சென்னை அணி வென்றது மகிழ்ச்சியே. அத்தகைய ஏலங்களில் பெயர் வருவது மிகச் சிலருக்குத்தான். 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலை எழுந்ததிலிருந்து ஒரகடம் வரை ஆலைகள் பெருகின. எனினும் பெரம்பூரைப் போல் ஒரு கைப்பந்து மரபு இந்தத் தொழில்தடத்தில் உருவாகவில்லை.

ஆலைக்கும் கைப்பந்துக்கும் உள்ள உறவை உலகமே வியந்து நோக்கிய காலம் ஒன்றுண்டு. ஜப்பானின் கைசுகா நகரத்து நிச்சிபோ நூற்பாலையில் பணிபுரிந்த இளம்பெண்கள், பகலில் அலுவலக வேலையும் மாலை முதல் நள்ளிரவு வரை பயிற்சியுமாக டைமாட்சு என்னும் பயிற்சியாளரிடம் உருவாயினர். 1962-இல் மாஸ்கோவில் உலகப் பட்டம் வென்றனர். 1964-இல் கைப்பந்து முதன்முறையாக இடம்பெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானிய அணியில் பெரும்பாலோர் அவ்வாலையினரே. அவர்கள் பட்ட பாடு மனிதத்தன்மைக்கு உட்பட்டதுதானா என அன்றே கேட்டவர்கள் உண்டு. அக்கேள்வி எனக்கும் உண்டு.

நம் நெடுஞ்சாலையில் விடியலிலும் இரவிலும் ஷிப்ட் பேருந்துகள் செல்கின்றன. அவற்றில் அயர்ந்து உறங்கும் பெண்களுள், மேல்நிலைப் பள்ளி அணிக்கு ஆடியவர்களும் இருக்கின்றனர்; தங்கள் மாவட்டச் சான்றிதழ்களைத் தொலைவிலுள்ள வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தவர்கள். கல்லூரிப் பேச்சே அவர்கள் வீட்டில் எழவில்லை. 2.24 மீட்டர் உயரத்தில் ஒரு வலையும், வாரத்துக்கு இருமுறை திறந்துவிடப்படும் ஒரு திடலும் விடுதிகளின் அருகில் இருந்தால் அவர்கள் ஆடுவார்கள். திடல் பங்கில் இருக்கிறது. கம்பங்களுக்கும் விளக்குக்கும் ஆகும் செலவை ஏற்க அன்பர்கள் முன்வரலாம்.